பிறக்கப்போகும் பிள்ளைக்கு ‘ஆர்கானிக்’ சட்டை: கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

வேளச்சேரி மலர் | 4 நவம்பர், காலை 10.12

எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. குழந்தை பிறக்கும் முன் துணிமணி வாங்கி வைக்கக் கூடாது என்பது மாமியாரின் கட்டளை. பார்த்து வைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதனால் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தலை சுற்றுகிறது.

கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற ஜபலா தெருமுனைக் கடையில் 120 ரூபாய். இணையத்தில் ஒரு நிறுவனம் ‘ஆர்கானிக் பருத்தி’ என்று எழுதி 849 ரூபாய் கேட்கிறது. வளைகாப்புக்கு வந்த தோழி அதே நிறுவனத்தின் ஜபலா ஒன்றையும் ‘மூங்கில் துணி’ என்று ஒரு பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போனாள். மூங்கில் துணி பட்டுப் போல வழுக்குகிறது. இன்னொரு கடையில் விலைச் சீட்டில் ஓர் இலைப் படம், ‘இயற்கையின் நண்பன்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

குழந்தையின் தோலுக்கு எது ஆகும் என்று முதலில் தெரிய வேண்டும். அதைவிட என்னை அரிக்கிற கேள்வி வேறு: இதைத் தைத்தவர்களுக்கு ஒழுங்காகக் கூலி போனதா என்பதைக் கடையில் நிற்கிற நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அலுவலகத்தில் கேட்டேன், சிரித்தார்கள்.

கணக்குப்பிள்ளை | 4 நவம்பர், காலை 10.40

நான் சிரிக்கவில்லை, கணக்குப் போட்டேன். கைக்குழந்தைக்கு ஒரு சட்டை இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். பத்துச் சட்டைக்கு அங்கே 8,490 ரூபாய், தெருமுனையில் 1,200 ரூபாய். மிச்சம் 7,290 ரூபாயைப் பிள்ளை பெயரில் அஞ்சலகத்தில் போட்டு வையுங்கள். ஆர்கானிக் என்பது வசதியானவர்களின் மனச்சாட்சிக்கு விற்கிற தைலம்.

நூல்காரன் | 4 நவம்பர், இரவு 9.55

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் 14 வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வாங்கியது முதல் அனுப்புவதுவரை கவனிக்கிறவனாக இருந்தவன். குழந்தை உடுப்புதான் பெரும்பாலும் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலைப் படத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. அது அச்சகக்காரர் போட்டது.

ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்று சீட்டில் இருந்தால், முடிந்த துணியில் தீங்கான ரசாயனம் மிச்சம் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். மூன்று வயதுவரையான குழந்தைகளின் உடுப்பு அதில் முதல் வகுப்பு, கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருப்பதும் அதற்குத்தான். ஆனால் பருத்தி ஆர்கானிக்கா, தைத்தவர் வயிறு நிறைந்ததா என்பதைப் பற்றி அந்தச் சீட்டு ஒரு வார்த்தை பேசாது. மலர் கேட்ட முதல் கேள்விக்கு மட்டும் அது பதில்.

ஜி.ஓ.டி.எஸ். என்ற ஆர்கானிக் துணிச் சான்று வேறு. அங்கே பஞ்சிலிருந்து நூற்பு, சாயம், தையல்வரை ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். ‘ஆர்கானிக்’ என்று போட 95 சதவீதம் ஆர்கானிக் இழை, அதற்குக் கீழான நிலைக்கு 70 சதவீதம். தொழிலாளர் நிபந்தனைகளும் உண்டு. தில்லுமுல்லு நடப்பது எங்கே தெரியுமா? நூலை மட்டும் சான்று பெற்ற மில்லில் வாங்கிவிட்டு, ஏதோ ஒரு பட்டறையில் சாயம் ஏற்றி, கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஏதோ ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் தைத்துவிட்டு, ‘சான்றளிக்கப்பட்ட ஆர்கானிக் பருத்தியால் ஆனது’ என்று எழுதிவிடுவார்கள். சங்கிலி நடுவில் அறுந்துவிட்டது; அதற்குப் பிறகு அந்த முத்திரையைப் போடவே கூடாது. உண்மையான சீட்டில் முத்திரையோடு சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ஜி.ஓ.டி.எஸ். அமைப்பின் பொதுத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது, காலாவதி ஆகியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

மூங்கில் துணிக்கு வருகிறேன். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்ஃபைடும் சேர்த்துக் கரைத்து, மறுபடி இழையாக இழுத்தால் கிடைப்பது விஸ்கோஸ், அதாவது ரேயான். மரக்கூழில் செய்தாலும் அதே சரக்குதான். கார்பன் டைசல்ஃபைடு அந்த ஆலைத் தொழிலாளியின் நரம்பைத் தின்னும். 2022இல் அமெரிக்காவில் ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக இரண்டு பெரிய கடைத்தொடர்கள் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. தோழி கொடுத்ததைத் தூக்கிப் போடாதீர்கள், மென்மையான துணிதான், குழந்தைக்குப் போடலாம். இயற்கைக்கு நன்மை செய்தோம் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | 4 நவம்பர், இரவு 10.08

2020இல் இந்தியாவில் ஆர்கானிக் பருத்தியிலேயே பெரிய மோசடி பிடிபட்டதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நூல்காரன் | 4 நவம்பர், இரவு 10.31

விடவில்லை, மூச்சு வாங்கினேன். போலிச் சான்றிதழ்களை வைத்துச் சுமார் 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று புழங்கியிருக்கிறது. கண்டுபிடித்து வெளியே சொன்னது ஜி.ஓ.டி.எஸ். அமைப்பேதான்; 11 நிறுவனங்களைத் தடை செய்தது. உலகில் அதிகம் ஆர்கானிக் பருத்தி விளைகிற நாடு நம்முடையது, அதனால் திருடுவதற்கும் இங்கேதான் இடம் அதிகம். கள்ள நோட்டு பிடிபட்டது என்பதற்காக நீங்கள் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களா?

ஆற்றங்கரையான் | 5 நவம்பர், காலை 6.20

எல்லாரும் குழந்தையின் தோலைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆற்றின் தோலைப் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்குகிற தொட்டியாக மாறியது. என் அப்பா வைத்த தென்னையில் இளநீர் வெட்டினால் கரித்தது. விருந்தாளிக்குக் கொடுக்கக் கூச்சமாக இருக்கும். கிணற்றில் துவைத்த வேட்டி காய்ந்தால் மடிப்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். மாடு அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, பிளீச்சிங் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றார்கள். அப்படித் திறந்தவர்கள் இன்று தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதற்குச் செலவு ஆகிறது, அந்தச் செலவு துணி விலையில் ஏறுகிறது. செலவைத் தட்டிக்கழிக்க நினைத்த சிலர் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் திருட்டுத்தனமாகப் பட்டறை போட்டுக் காவிரியில் விட்டார்கள். அதிகாரிகள் இடிப்பதும் அவர்கள் மறுபடி கட்டுவதுமாக அது ஒரு தனிக் கதை.

கணக்குப்பிள்ளை ஐயா, 120 ரூபாய்ச் சட்டைக்கும் உங்கள் கணக்கில் இல்லாத ஒரு மிச்சத் தொகை இருக்கிறது. அதை நாங்கள் இருபது வருடம் கட்டினோம்.

மலர், ஒன்று மட்டும் கேளுங்கள். பருத்தியில் சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும். கறுப்பு, நேவி புளூ போன்ற அடர் நிறத்துக்குச் சாயத் தண்ணீர் லிட்டருக்கு 60 முதல் 100 கிராம்வரை ஆகும். வெளிர் நிறத்துக்கு அதில் கால் பங்கு போதும். கைக்குழந்தைக்குக் கறுப்புச் சட்டை எதற்கு?

வேளச்சேரி மலர் | 5 நவம்பர், காலை 11.02

அண்ணா, இளநீர் கரித்தது என்று படித்ததும் சற்று நேரம் எதுவும் எழுத வரவில்லை. சாயமே ஏற்றாத துணியில் குழந்தை உடுப்பு கிடைக்குமா?

நூல்காரன் | 5 நவம்பர், பிற்பகல் 1.15

கிடைக்கும். பஞ்சின் சொந்த நிறம், லேசான சந்தன வெள்ளை. வெளுக்காத துணியில் பருத்திக்கொட்டைத் தோலின் பொடிப்பொடிப் புள்ளி தெரியும். அது அழுக்கு அல்ல, சான்று. இரண்டு முறை துவைத்தால் மெழுகுத்தன்மை போய் மெத்தென்று ஆகிவிடும்.

இயற்கைச் சாயமும் உண்டு: அவுரியில் நீலம், மஞ்சிட்டியில் சிவப்பு, கடுக்காயும் படிகாரமும் போட்டுப் பிடிக்க வைப்பார்கள். மஞ்சள் கிழங்கில் ஏற்றிய நிறம் மட்டும் நான்கு நாள் வெயிலில் போய்விடும். கடைக்காரர் ‘நூறு சதவீதம் இயற்கைச் சாயம், நிறம் மங்கவே மங்காது’ என்று சேர்த்துச் சொன்னால் இரண்டில் ஒன்று பொய்.

சாயம் பற்றிய பழைய பயம் ஒன்று இருக்கிறது. சில அசோ சாயங்கள் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகச் சிதையக்கூடியவை. ஜெர்மனி 1994இல் தடை கொண்டுவந்தபோது இங்கே பல கம்பெனிகளுக்கு வயிறு கலங்கியது. 1997க்குள் இந்தியாவும் மொத்தம் 112 சாயங்களைத் தடை செய்தது. ஏற்றுமதிக்குப் போகிற துணியைச் சோதிக்காமல் யாரும் அனுப்புவதில்லை. உள்ளூர்ச் சந்தைக்கு வருவதில் அந்தக் கண்டிப்பை நான் பார்த்ததில்லை. அதனால் எந்த விலைக்கு வாங்கினாலும் புதுத் துணியை ஒரு முறையாவது அலசிவிட்டுப் போடுங்கள். கழுத்தில் நாடா வைத்த சட்டை வேண்டவே வேண்டாம், எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். அழுத்துப் பொத்தான் என்றால் நிக்கல் இல்லாததா என்று கேளுங்கள்.

தையல் செல்வி | 5 நவம்பர், இரவு 11.40

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எழுத முடிந்தது.

மலர், உங்கள் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் அந்தக் கேள்விக்குள் இருந்து வந்தவள்.

பதினாறு வயதில் ஒரு நூற்பு மில்லில் சேர்த்துவிட்டார்கள். பெயர் வேண்டாம். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக நாற்பதாயிரம், கல்யாணத்துக்கு ஆகும் என்று ஊருக்கு வந்த தரகர் சொன்னார். சுமங்கலித் திட்டம் என்று பேர். எவ்வளவு மங்களமான பேர் பாருங்கள். மாதம் ஒரு முறை அம்மாவோடு தொலைபேசியில் பேசலாம், வார்டன் பக்கத்திலேயே நிற்பார். பஞ்சுத் தூசி இமைமேல் வெள்ளையாக உட்காரும். மூன்று வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தபோது மஞ்சள் காமாலை வந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பிப் போனபோது ‘காலம் முடிக்கவில்லை’ என்று சொல்லிப் பன்னிரண்டாயிரம் கொடுத்தார்கள். அப்பா அதை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தார். அந்தக் கும்பிடுதான் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு திருப்பூர். முதலில் கைமடி, அப்புறம் ஓவர்லாக், அப்புறம் பவர் டேபிள் என்று தையல் மெஷின்கள். பெரும்பாலும் ஒன்றரை ஷிஃப்ட்: காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை. சனிக்கிழமை சம்பளம். குழந்தை உடுப்பு தைத்தவர்களுக்குத் தெரியும், சின்னச் சட்டைதான் பெரிய தொல்லை. பெரிய ஆள் பனியனில் கை வளைவு நேராக ஓடும். ஆறு மாதக் குழந்தையின் கழுத்து ரிப் உள்ளங்கை அளவுதான், இழுத்துப் பிடித்துச் சுற்றிக் கொண்டுவருவதற்குள் விரல் ஊசிக்குக் கீழே போய்விடும். ஆனால் ஒரு சட்டைக்கு இவ்வளவு கூலி என்கிற பீஸ் ரேட்டில் ‘சின்ன சைஸ்தானே’ என்று குறைத்துத்தான் போடுவார்கள். துணி குறைந்தால் வேலையும் குறையும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

சான்றிதழ்க்காரர்கள் ஆய்வுக்கு வருவார்கள். வரும் நாள் முதல் நாளே தெரியும். அன்று குடிதண்ணீர்க் கேன் புதிது, முதலுதவிப் பெட்டியில் பஞ்சு புதிது. சங்கம் இருந்தால் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். திண்டுக்கல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண் கொல்லப்பட்ட பிறகு, பெண்களே நடத்துகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் போட வைத்தது. அந்த நிர்வாகமும் வெளிநாட்டு நிறுவனங்களும் அதில் கட்டுப்பட்டன. பாலியல் தொல்லை, சாதி இழிவு பற்றிப் புகார் கொடுக்க உள்ளேயே வழி வைத்தார்கள். சீட்டில் ஒட்டுகிற முத்திரையைவிட அதைத்தான் நான் நம்புவேன். ஆனால் அதைச் சட்டையில் அச்சடிக்க மாட்டார்கள்.

நூல்காரன் | 6 நவம்பர், காலை 7.05

செல்வி சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. ஆய்வாளரிடம் காட்டுகிற வருகைப் பதிவேடு ஒன்று, கூலி போடுகிற பதிவேடு ஒன்று என்று வைத்திருந்த இடத்தில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை. சில்லறை விலையில் தையல் கூலி ஒரு சிறு துளி. அதை இரட்டிப்பாக்கினாலும் வாங்குகிறவருக்கு உறைக்காது. நேர்மையாக நடத்துகிற கம்பெனிகளும் உண்டு, அவர்களிடம் கேட்டால் தைத்த யூனிட்டின் பெயரையும் ஊரையும் சொல்லிவிடுவார்கள். மழுப்புகிறவர்கள்தான் பூமியைக் காப்பாற்றுவது பற்றி நீளமாக எழுதுவார்கள்.

யாழ் நிலா | 6 நவம்பர், காலை 9.30

செல்வி அக்கா, இங்கே இலங்கையிலும் இதே கதைதான். கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் 1978இலிருந்து இருக்கிறது. வடக்கிலிருந்தும் பிள்ளைகள் தைக்கப் போகிறார்கள். 2006இல் இலங்கை ஆடைத் துறை ‘குற்றவுணர்வில்லாத ஆடைகள்’ என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்தது. சிறுவர் உழைப்பு இல்லை என்பது பெருமைப்பட வேண்டிய விசயந்தான். அறை வாடகை கட்டிச் சாப்பிட்டு வீட்டுக்கும் அனுப்பச் சம்பளம் காணுமா என்று அந்த விளம்பரம் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை | 6 நவம்பர், முற்பகல் 11.50

சரி, தைலம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நடைமுறைக் கேள்வி அப்படியே நிற்கிறது. மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கிற வீட்டில் 849 ரூபாய்ச் சட்டை வாங்க முடியாது. அவர்கள் குற்றவாளிகளா? திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சம் கிலோக் கணக்கில் கிடைக்கிறது என்கிறார்களே, அது தேவலாமா?

நூல்காரன் | 6 நவம்பர், பிற்பகல் 2.20

தேவலாம். தைத்து முடித்து, ஒரு பொத்தான் கோணலாக இருக்கிறது என்று தள்ளப்பட்ட துணி அது. அதற்காகப் புதிதாக யாரும் ஆற்றில் உப்புக் கொட்டப் போவதில்லை. அங்கே தொங்குகிற பெரிய பிராண்டு சீட்டை மட்டும் நம்பாதீர்கள், சீட்டு தனியாகவும் விற்கும்.

கோவில்பட்டி ஆச்சி | 6 நவம்பர், மாலை 5.45

ஓய்வுபெற்ற ஆசிரியை, 74 வயது. மலர் கண்ணு, நீ ஏன் இவ்வளவு குழம்புகிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போடவே மாட்டோம். தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு எடுத்து வைத்திருப்போம். நூறு முறை துவைத்த துணியில் கஞ்சி இருக்காது, சாயம் இருக்காது, முரட்டு இழை ஒன்றுகூட நிற்காது. தூளிக்கு அம்மாவின் நூல் சேலை. முதல் சட்டை, ஊரில் எந்தப் பிள்ளை நோய் நொடியில்லாமல் கொழுகொழுவென்று வளர்ந்ததோ அந்தப் பிள்ளையின் பழைய சட்டை. இரவல் கேட்டு வாங்கிவருவோம். கொடுக்கிற வீட்டுக்கு அது பெருமை.

பருத்தியைப் பற்றியும் சொல்கிறேன். என் அப்பா கரிசலில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி போட்டார். மானாவாரி, மழையை நம்பி மட்டும். கூடவே உளுந்தும் பாசிப்பயறும் ஊடுபயிர். மருந்தடிப்பது என்ற பேச்சே இல்லை. இழை குட்டை என்று மில்லில் ஒதுக்கிவிட்டார்கள். இப்போது இந்த நாட்டில் விளைகிற பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மரபணு மாற்றிய பி.டி. விதைதான். கருங்கண்ணியை மறுபடி விளைவித்துக் கையால் நூற்று நெய்கிறவர்கள் இன்று சிலர் இருக்கிறார்கள். அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தேன், தடிமனாக, வியர்வையை ஒத்தி எடுக்கிற துணி. பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அதில் ஒரு சட்டை தைத்துப் போடு.

பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொன்று. பாவாடையைக் கணுக்கால்வரை வெட்டித் தைத்துவிடாதே. இரண்டு முழம் அதிகம் எடுத்து, உள்பக்கமாக மூன்று டக், அதாவது மடிப்பு, பிடித்துத் தைக்கச் சொல். வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் நான்கு தீபாவளி ஓடும். பிரித்த இடத்தில் வெயில் படாத நிறம் பளிச்சென்று கோடாகத் தெரியும், அதன்மேல் ஒரு ரிப்பன் வைத்துத் தைத்துவிட்டால் அதுவே அலங்காரம். என் வகுப்பில் யார் வீட்டுக்கு எத்தனை ரிப்பன் என்று எண்ணிப் பார்த்தே வசதியைத் தெரிந்துகொள்வேன். வெட்கப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தையல் செல்வி | 6 நவம்பர், இரவு 10.15

ஆச்சி, இப்போது டக் பிடிக்கச் சொல்லி யாரும் கேட்பதே இல்லை. நான் தாராபுரத்தில் வீட்டிலேயே தைக்கிறேன். கேட்டால் இலவசமாகவே பிடித்துத் தருவேன், எனக்குப் பிடித்த வேலை அது.

வேளச்சேரி மலர் | 9 நவம்பர், காலை 10.50

849 ரூபாய்ச் சட்டை விற்கிற நிறுவனத்துக்கு எழுதினேன். உரிம எண் என்ன, தைத்த யூனிட் எந்த ஊர் என்று மட்டும் கேட்டேன். முதல் பதிலில் பூமித்தாயைப் பற்றி நான்கு பத்தி. மறுபடி கேட்டேன். ‘எங்கள் நூல் சான்று பெற்றது’ என்றார்கள். நூல்காரன் அண்ணா சொன்ன அதே இடம்! சட்டையைத் தைத்தது யார் என்று மூன்றாம் முறை கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

இன்னொரு சிறிய நிறுவனம் அன்று மாலையே எண், ஊர், தெரு எல்லாம் அனுப்பியது. எண்ணைத் தேடிப் பார்த்தேன், நடப்பில் இருக்கிறது. விலை 540 ரூபாய். சந்தன வெள்ளையில் மூன்று குறித்து வைத்திருக்கிறேன். மாமியாரிடம் வேட்டி பற்றிச் சொன்னேன். ‘இதைத்தானே நானும் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்’ என்றார். அவர் சொல்லவே இல்லை.

வேளச்சேரி மலர் | 2 மார்ச், மாலை 4.30

பழைய உரையாடல் இழையைத் தூசி தட்டுகிறேன். ஜனவரியில் மகள் பிறந்தாள். முதல் பத்து நாள் மாமனாரின் வேட்டிதான், அதில் ஒரு மூலையில் சலவைக் குறி இன்னும் அழியவில்லை. பிறகு பெரியம்மா பேரனின் சட்டைகள், அப்புறம் அந்த மூன்று சந்தன வெள்ளை. ஏழே வாரத்தில் மூன்றில் இரண்டு கைக்குழியில் இறுக்கிப் பிடிக்கிறது.

வளைகாப்பில் வந்த 849 ரூபாய் ஜபலா அளவில் சிறியது, இரண்டே முறை போட்டேன். மூங்கில் பெட்டியும் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். யாருக்காவது ஆகுமா?

செல்வி அக்கா, பாவாடைக்கு அளவு அனுப்ப எத்தனை மாதம் ஆக வேண்டும்?

தையல் செல்வி | 2 மார்ச், இரவு 9.10

மகளுக்கு என் ஆசி. உட்காரப் பழகட்டும், அப்புறம் அனுப்புங்கள். இடுப்பளவுக்கு நாடா வைத்துவிடுகிறேன், நீளத்துக்கு மூன்று டக்.

கணக்குப்பிள்ளை | 3 மார்ச், காலை 8.25

என் தங்கைக்கு ஏப்ரலில் நாள் குறித்திருக்கிறார்கள். அந்த ஜபலாவை எனக்கு அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது. சந்தன வெள்ளையும் சிறிதாகிப் போனால் அதையும் சேர்த்து.